அட்டன்பரோ என்றோர் ஊர்

'காந்தி' படத்தை இயக்கியவர் ரிச்சர்ட் அட்டன்பரோ. மலைக் கொரில்லாக்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு கிசுகிசுத்த குரலில் நம்மிடம் பேசியவர் அவருடைய தம்பி டேவிட் அட்டன்பரோ. இருவரும் அண்ணன் தம்பி என்பது நிறையப் பேருக்குத் தெரியும். அவர்களுடைய குடும்பப்பெயர் ஓர் ஊரின் பெயர் என்பதும், அந்த ஊர் இன்றும் அதே இடத்தில் இருக்கிறது என்பதும் அவ்வளவாகத் தெரியாது.

ஆங்கிலக் குடும்பப்பெயர்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிப்பது எனக்கு நெடுநாள் பழக்கம். ஸ்மித், டெய்லர் மாதிரிப் பெயர்கள் எனக்கு அவ்வளவாக ஒட்டுவதில்லை. கொல்லர் இல்லாத ஊர் இல்லை, தையற்காரர் இல்லாத ஊரும் இல்லை. அந்தப் பெயர்கள் நூறு இடங்களில் நூறு பேரிடமிருந்து தனித்தனியாகக் கிளம்பியவை. அவற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் எங்கேயும் போய்ச் சேர முடியாது. அரிய பெயர்கள் வேறு விதம். அவற்றுக்கு ஒரு விலாசம் இருக்கிறது. சில சமயம் ஒரே ஒரு மனிதர் இருக்கிறார். அந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்த பெயர் இது. இன்று முழுக்க இதைப் பற்றித்தான்.

நாட்டிங்ஹாம் நகருக்குத் தென்மேற்கே, டிரென்ட் ஆற்றின் வடகரையில் இருக்கிறது அட்டன்பரோ. பெரிய ஊர் என்று சொல்ல முடியாது. ஒரு பழைய தேவாலயம், ஒரு ரயில் நிலையம், வீடுகள், பக்கத்திலேயே பரந்து கிடக்கும் ஏரிகள். ஊர்ப்பெயரின் பின்பாதி 'பர்' என்ற பழைய ஆங்கிலச் சொல். அரண் போட்ட இடம், கோட்டை என்று பொருள். முன்பாதி ஒரு மனிதரின் பெயர். ஆடா என்பது போன்ற ஓர் ஆங்கிலோ-சாக்சன் ஆண்பெயர் என்று இடப்பெயர் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியென்றால் இது ஆடாவின் கோட்டை. அந்த ஆடா யார், எதற்காக இந்த ஆற்றங்கரையில் அரண் போட்டுக்கொண்டார் என்பதெல்லாம் காலத்தோடு போய்விட்டது. பெயர் மட்டும் மிச்சம்.

ஊரைப் பற்றி இரண்டு செய்திகளைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். முதலாவது, ஹென்றி அயர்ட்டன். 1611-ல் இந்த ஊர்த் தேவாலயத்தில்தான் அவருக்கு ஞானஸ்நானம் நடந்தது. முடியாட்சியை வீழ்த்திய ஆலிவர் குரோம்வெல்லின் மருமகன். 1649-ல் மன்னர் முதலாம் சார்லஸுக்கு மரண தண்டனை விதித்த ஆணையில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். அயர்ட்டன் 1651-ல் அயர்லாந்தில் காய்ச்சல் கண்டு இறந்தார். முடியாட்சி திரும்பியதும் 1661-ல் அவர் உடலைத் தோண்டியெடுத்துத் தூக்கில் தொங்கவிட்டார்கள். செத்தவரைக்கூட விடாத அளவுக்கு ஒரு பெயரின் மேல் வெறுப்பு!

இரண்டாவது செய்தி அதைவிடக் கனமானது. முதல் உலகப் போரின்போது பக்கத்தில் சில்வெல் என்ற இடத்தில் பீரங்கிக் குண்டுகளுக்கு வெடிமருந்து நிரப்பும் பெரிய தொழிற்சாலை இருந்தது. 1918 ஜூலை 1 அன்று மாலை அங்கே டன் கணக்கில் டி.என்.டி. வெடித்தது. 134 பேர் இறந்தார்கள். அவர்களில் 32 பேரைத்தான் இன்னார் என்று அடையாளம் காண முடிந்தது. மற்றவர்களை அட்டன்பரோ தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் மொத்தமாகப் புதைத்தார்கள். உலகமெல்லாம் அறிந்த ஒரு குடும்பப்பெயரைத் தந்த ஊரின் மண்ணில், எந்த உடல் யாருடையது என்று தெரியாமலே நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கிடக்கிறார்கள். குடும்பப்பெயர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்தக் கல்லறைகள் நினைவுக்கு வந்துவிடுகின்றன.

சரி, ஊர்ப்பெயர் எப்படி ஒரு மனிதரின் பெயராகிறது?

ஊரைவிட்டுக் கிளம்பினால்தான் ஆகும். அட்டன்பரோவிலேயே இருக்கும் ஒருவரை 'அட்டன்பரோ வில்லியம்' என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். அங்கே எல்லோருமே அட்டன்பரோக்காரர்கள்தானே. அவர் நாலு மைல் தள்ளி இன்னோர் ஊரில் போய்க் குடியேறும்போதுதான், அங்கே ஏற்கெனவே இருக்கும் வில்லியம்களிலிருந்து பிரித்துச் சொல்ல அந்த அடைமொழி தேவைப்படுகிறது. ஆகவே ஊர்ப்பெயரைக் குடும்பப்பெயராகக் கொண்ட ஒவ்வொரு ஆங்கிலக் குடும்பத்துக்கும் பின்னால் ஓர் இடப்பெயர்ச்சி இருக்கிறது. பஞ்சமோ, கல்யாணமோ, நிலத் தகராறோ, சந்தையோ, ஏதோ ஒன்று அந்த ஆளை நகர்த்தியிருக்கிறது.

1066-ல் நார்மன்கள் படையெடுத்து வருவதற்கு முன்னால் இங்கிலாந்தில் பரம்பரைக் குடும்பப்பெயர் என்ற வழக்கமே இல்லை என்று சொல்லிவிடலாம். நார்மன் பிரபுக்கள்தான் தங்கள் நிலங்களின் பெயரைத் தங்கள் பெயரோடு சேர்த்து மகனுக்கும் கொடுத்துப் பழக்கினார்கள். நிலம் கைமாறும்போது யார் வாரிசு என்று காட்ட அது உதவியது. சாதாரண மக்களிடம் அது இறங்கிவர இரண்டு மூன்று நூற்றாண்டுகள் பிடித்தன. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் தலைக்கு இவ்வளவு என்று வரி விதித்தபோது, ஊர் ஊராகப் பெயர்ப் பட்டியல் எழுதினார்கள். அந்தப் பட்டியல்கள் இன்று பெயர் ஆய்வாளர்களுக்குப் பொக்கிஷம். (அந்த வரியால் மூண்டதுதான் 1381-ன் உழவர் கிளர்ச்சி.) 1400 வாக்கில் இங்கிலாந்தின் பெரும்பாலான குடும்பங்களுக்குத் தந்தையிடமிருந்து பிள்ளைக்கு வரும் ஒரு பெயர் நிலைத்துவிட்டது.

இந்த இடத்தில் அட்டன்பரோ என்ற பெயருக்கு இன்னொரு விளக்கமும் உண்டு என்பதைச் சொல்ல வேண்டும். அந்தக் கால ஆங்கிலத்தில் 'அட்டன்' என்றால் 'அங்கே, அதன் பக்கத்தில்' என்கிற மாதிரிப் பொருள். புல்வெளிப் பக்கம் வீடு வைத்திருந்தவர் அட்லீ ஆனார். 1947-ல் இந்தியா விடுதலை அடைந்தபோது பிரிட்டனின் பிரதமராக இருந்தாரே, அதே அட்லீ. காட்டோரம் இருந்தவர் அட்வுட். ஆஷ் மரத்தடியில் இருந்தவர் 'அட்டன் ஆஷ்' என்று தொடங்கி, காலப்போக்கில் முன்பாதி உதிர்ந்து, 'ன்' மட்டும் ஒட்டிக்கொண்டு நாஷ் ஆகிவிட்டார். இதே கணக்கில், கோட்டைப் பக்கம் குடியிருந்த எவரும், அது இங்கிலாந்தில் எந்தக் கோட்டையாக இருந்தாலும், 'அட்டன் பரோ' ஆகியிருக்கலாம்.

இரண்டில் எது சரி? ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டு இதைத் தீர்ப்பது கடினம். அப்படி நிறையக் கோட்டைகளின் பக்கத்திலிருந்து வந்திருந்தால், இந்தப் பெயர் இங்கிலாந்து முழுக்கச் சிதறிக் கிடக்கும். அந்தக் குடும்பங்களுக்குள் இரத்த உறவும் இருக்காது. ஒரே ஊரிலிருந்து ஓரிருவர் வழியாக வந்திருந்தால், பெயர் ஒரு வட்டாரத்தில் குவிந்திருக்கும், உறவும் இருக்கும். இந்தக் கேள்விக்கு விடை ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது. அதற்கு முன், ஒரு பெயர் ஏன் அரிதாகிறது என்று பார்த்துவிடலாம். இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

1873-ல் பிரான்சிஸ் கால்டன், 'எஜுகேஷனல் டைம்ஸ்' என்ற இதழில் ஒரு கணக்குப் போட்டார். ஒரு நாட்டில் ஒவ்வோர் ஆணுக்கும் தனித்தனிக் குடும்பப்பெயர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தலைமுறையிலும் இத்தனை சதவீதம் பேருக்கு மகன் இல்லை, இத்தனை பேருக்கு ஒரு மகன், இத்தனை பேருக்கு இரண்டு மகன்கள் என்று ஐந்து வரை போகிறது. இத்தனை தலைமுறை கழித்து எத்தனை பெயர்கள் அழிந்திருக்கும்? கால்டன் டார்வினின் உறவினர். மனிதர்களில் உயர்ந்த வகை, தாழ்ந்த வகை என்று பிரித்து, இனவிருத்தியை அதன்படி நடத்த வேண்டும் என்று வாதாடியவர். அந்தக் கொள்கை பிற்காலத்தில் செய்த கொடுமைகளை நான் மறக்கவில்லை. ஆனால் இந்தக் கேள்வி நல்ல கேள்வி. பெரிய மனிதர்களின் குடும்பங்கள் ஏன் அற்றுப்போகின்றன, வசதியான வாழ்க்கை அவர்களை மலடாக்கிவிடுகிறதா என்று பலர் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அது வெறும் தற்செயலாக இருக்கக் கூடாதா என்பதுதான் கணக்கின் உள்ளே இருந்த கேள்வி.

ஹென்றி வில்லியம் வாட்சன் என்ற பாதிரியார் விடை அனுப்பினார். 1874-ல் இருவரும் சேர்ந்து கட்டுரையாக வெளியிட்டார்கள். வாட்சனின் வழிமுறை அருமையானது. முடிவில் மட்டும் ஒரு பிழை இருந்தது. எல்லாக் குடும்பப்பெயர்களும் கடைசியில் அழிந்தே தீரும் என்று அவர் எழுதிவிட்டார். அவருடைய சமன்பாட்டுக்கு இன்னொரு விடையும் இருந்தது. சராசரியாக ஒருவருக்கு ஒன்றுக்கு மேல் மகன்கள் இருந்தால் சில பெயர்கள் என்றைக்கும் பிழைத்திருக்கும். இதைச் சரியாகக் கணித்தவர் பிரெஞ்சுக்காரரான பியேனைமே, அதுவும் 1845-லேயே. அவர் எழுதியது வெகுகாலம் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. குடும்பப்பெயர்களுக்காகப் பிறந்த இந்தக் கணக்கு பின்னாளில் அணுக்கருத் தொடர்வினையைக் கணக்கிடவும் பயன்பட்டது.

எளிமையாக ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மக்கள்தொகை கூடவுமில்லை, குறையவுமில்லை. ஓர் ஆணுக்குச் சராசரியாக ஒரு மகன்தான் பெரியவனாகிறான். சிலருக்கு இரண்டு மூன்று, சிலருக்கு ஒருவருமில்லை. இது முழுக்கத் தற்செயலாக நடக்கிறது. நூறு பெயர்களோடு தொடங்கினால், ஒரே தலைமுறையில் ஏறக்குறைய 37 பெயர்கள் போய்விடும். ஐந்து தலைமுறையில் 73. பத்துத் தலைமுறை, அதாவது சுமார் முந்நூறு ஆண்டுகளில், 84. யாரும் யாரையும் கொல்லவில்லை, யாருக்கும் குறையில்லை. பெண் குழந்தைகள் மட்டும் பிறந்தாலே போதும், பெயர் அற்றுவிடும். இதோடு 1348-ல் வந்த கொள்ளைநோயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் குடும்பப்பெயர்கள் நிலைபெற்றுக்கொண்டிருந்த அதே காலத்தில், மக்களில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் மேலோ செத்துப்போனார்கள். எத்தனை பெயர்கள் ஒரே கோடைக்காலத்தில் மறைந்திருக்கும்!

ஸ்மித் அழியாது, ஓர் ஊரில் அற்றுப்போனாலும் அடுத்த ஊரில் இருக்கும். அட்டன்பரோ மாதிரிப் பெயருக்கு அந்தக் காப்பு கிடையாது. அது இன்றைக்கு இருக்கிறது என்றால், இருபதுக்கும் மேற்பட்ட தலைமுறைகளில் ஒவ்வொன்றிலும் யாராவது ஒரு மகன் பிழைத்து, வளர்ந்து, அவனுக்கும் ஒரு மகன் பிறந்திருக்கிறான் என்று பொருள். ஓர் அரிய பெயரைப் பார்த்தால் எனக்கு அதன் பழமையைவிட இந்தத் தப்பிப்பிழைத்தல்தான் பெரிதாகத் தெரிகிறது.

பெயர் பிழைத்தாலும் எழுத்து நிலைத்து நிற்கவில்லை. 1538-ல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல், ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் எழுத வேண்டும் என்று உத்தரவிட்டார். சொன்னவருக்கு எழுத்துத் தெரியாது, எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார். அதனால்தான் அட்டன்பரோவுக்கு அட்டன்பரோவ், அட்டன்பர்ரோ என்றெல்லாம் உறவுப் பெயர்கள் இருக்கின்றன. ஒரே அப்பாவின் பிள்ளைகள் வெவ்வேறு எழுத்தில் பதிவாவது அந்த ஏடுகளில் சாதாரணம். 1837-ல் அரசுப் பதிவு வந்தபிறகுதான் எழுத்து மெல்லமெல்ல உறைந்தது.

1890-ல் ஹென்றி கப்பி என்பவர் பிரிட்டனின் குடும்பப்பெயர்கள் எங்கெங்கே குடியிருக்கின்றன என்று ஒரு புத்தகம் போட்டார். அவர் நகரத்துக்காரர்களைக் கணக்கில் எடுக்கவில்லை, விவசாயிகளை மட்டும் எடுத்தார். நகரத்தில் இருப்பவர் எங்கிருந்தாவது வந்திருப்பார். நிலத்தை உழுபவர்தான் இருந்த இடத்தில் இருப்பார் என்பது அவருடைய வாதம். எவ்வளவு கூர்மையான யோசனை! அவர் காட்டிய வழியில் பின்னால் வந்தவர்கள் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முழுவதையும் வரைபடமாக்கினார்கள். அறுநூறு ஆண்டு கழித்தும் பல பெயர்கள் பிறந்த இடத்தைச் சுற்றியே அடர்ந்திருப்பதை அந்த வரைபடங்கள் காட்டின.

அதற்காக யாருமே ஊர் தாண்டவில்லை என்று இல்லை. 19-ஆம் நூற்றாண்டு லண்டனில் அட்டன்பரோ என்றால் அடகுக்கடை. அந்தப் பெயரில் அங்கே பல கடைகள் இருந்தன. சட்டம் படித்தவர்களுக்கு 'அட்டன்பரோ எதிர் சாலமன்' என்ற 1913-ஆம் ஆண்டு வழக்கு தெரிந்திருக்கும். உயில்படி சொத்தை நிர்வகித்து வந்த ஒருவர், இறந்தவரின் வெள்ளிச் சாமான்களைத் தன் சொந்தத் தேவைக்கு அட்டன்பரோ கடையில் அடகு வைத்துவிட்டார். அந்த அடகு செல்லுமா என்ற கேள்வி பிரபுக்கள் சபை வரை போனது. செல்லாது என்று தீர்ப்பானது. இறந்தவரின் சொத்தைப் பொறுப்பேற்றவர் எப்போது வெறும் அறங்காவலர் ஆகிவிடுகிறார் என்பதற்கு அந்தத் தீர்ப்பு இன்றும் எடுத்துக்காட்டு.

இனி ஆய்வுக்கூடம். ஆணுக்கு மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு அப்படியே போகிறது. எப்போதாவது சிறு மாற்றம் விழும், அவ்வளவுதான். ஆங்கிலக் குடும்பப்பெயரும் அதே பாதையில்தான் போகிறது. அப்படியென்றால் ஒரே பெயர் உள்ளவர்களுக்கு ஒரே மாதிரி ஒய் குரோமோசோம் இருக்க வேண்டுமே? ஆக்ஸ்ஃபோர்டில் மரபியல் பேராசிரியராக இருந்த பிரையன் சைக்ஸ், தன் பெயருள்ளவர்களையே சோதித்தார். 2000-ல் வெளியான அந்த ஆய்வில் சைக்ஸ் என்ற பெயர்கொண்ட 48 ஆண்கள் இருந்தார்கள். சைக்ஸ் என்றால் யார்க்‌ஷையர் வழக்கில் சிற்றோடை. அந்தப் பகுதியில் ஓடைகளுக்குப் பஞ்சமில்லை. எனவே பெயர் பல இடங்களில் தோன்றியிருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். சோதித்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஒரே வகைக் குரோமோசோம் இருந்தது.

இதை விரிவாக எடுத்துச் செய்தவர்கள் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங்கும் மார்க் ஜாப்லிங்கும். முதலில் ஒரே குடும்பப்பெயர் கொண்ட, ஆனால் உறவென்று தெரியாத 150 இணைகளை எடுத்தார்கள். 2006-ல் வந்த முடிவு: ஏறக்குறைய நான்கில் ஓர் இணைக்குப் பொது மூதாதை இருக்கிறார், அரிய பெயர்களில் இது பாதியை நெருங்குகிறது. பிறகு 40 குடும்பப்பெயர்கள், 1,678 ஆண்கள் என்று பெரிதாகச் செய்து 2009-ல் வெளியிட்டார்கள். ஸ்மித்துகளை எடுத்துப் பார்த்தால், தெருவில் போகும் யாரோ நாலு பேரை எடுத்துப் பார்த்த மாதிரிதான் இருந்தது. பெயர் ஒன்று என்பதைத் தவிர ஒற்றுமை இல்லை. அட்டன்பரோக்களை எடுத்தபோதோ, 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஒரே வகை, அல்லது கிட்டத்தட்ட அதே வகை, ஒய் குரோமோசோம் இருந்தது.

நான் மேலே தொங்கவிட்ட கேள்விக்கு இதுதான் விடை. கோட்டைப் பக்கம் குடியிருந்த பலரிடமிருந்து பல இடங்களில் பிறந்த பெயராக இருந்தால் இப்படி ஒரு முடிவு வந்திருக்காது. இன்றைக்கு அட்டன்பரோ என்று கையெழுத்துப் போடும் ஆண்களில் பெரும்பாலோர் ஒரே மனிதரின் வழிவந்தவர்கள். டிரென்ட் ஆற்றங்கரையைவிட்டுக் கிளம்பிப் பக்கத்து ஊரில் போய்க் குடியேறிய அந்த ஒருவரின் மகன்கள், பேரன்கள். அவருடைய முதற்பெயர்கூட நமக்குத் தெரியாது. அவர் உடலில் இருந்த ஒரு குரோமோசோம் எப்படி இருந்தது என்று தெரியும்!

இந்த ஆய்வு நடந்த பல்கலைக்கழகம் எது என்பதைக் கவனித்தீர்களா? லெஸ்டர். அந்தக் கல்விநிறுவனம் கல்லூரியாக இருந்தபோது, 1932 முதல் 1951 வரை அதன் முதல்வர் ஃபிரெட்ரிக் அட்டன்பரோ. ரிச்சர்ட், டேவிட் இருவரின் அப்பா. பிள்ளைகள் வளர்ந்தது அந்த வளாகத்தில்தான். பல்கலைக்கழகத்தின் 18 மாடிக் கட்டடத்துக்கு 'அட்டன்பரோ டவர்' என்று அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். டி.என்.ஏ. ரேகை என்ற முறையை 1984-ல் அலெக் ஜெஃப்ரீஸ் கண்டுபிடித்ததும் இதே பல்கலைக்கழகத்தில்தான். இதையெல்லாம் யாரும் திட்டமிட்டு அமைக்கவில்லை.

ஃபிரெட்ரிக் 1887-ல் ஸ்டேப்பிள்ஃபோர்டில் பிறந்தவர். அட்டன்பரோ ஊரிலிருந்து அங்கே நடந்தே போய்விடலாம். உலகம் சுற்றிய ஒரு மகனுக்கும், ஹாலிவுட்டில் எட்டு ஆஸ்கர் வாங்கிய படத்தை எடுத்த இன்னொரு மகனுக்கும் அப்பாவான மனிதர், பெயர் பிறந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்திருக்கிறார். கப்பி சொன்னது எவ்வளவு சரி! ஃபிரெட்ரிக் என்ன படித்தார் என்பது அதைவிடச் சுவாரசியம். அவர் ஆங்கிலோ-சாக்சன் காலத்து அறிஞர். இங்கிலாந்தின் மிகப் பழைய மன்னர்களின் சட்டங்களைப் பழைய ஆங்கிலத்திலிருந்து பெயர்த்து 1922-ல் பதிப்பித்தவர். ஆடா தன் கோட்டையைக் கட்டிய காலத்து மொழி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

இப்போது நான் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று. இதுவரை சொன்னது முழுக்க அப்பன், மகன், பேரன். ஒரு குடும்பத்தின் பாதிக்கும் மேலான கதை இதில் இல்லை. ரிச்சர்ட், டேவிட் சகோதரர்களின் அம்மா மேரி. பிறந்த வீட்டுப் பெயர் கிளெக். அதுவும் ஊர்ப்பெயர்தான், லங்காஷயரில் ராச்டேல் பக்கம் இருக்கும் ஓரிடம். மேரியின் அப்பா சாமுவேல் கிளெக், லாங் ஈட்டனில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து பெயர் வாங்கியவர். அந்தப் பெயரோ, அதன் பின்னால் இருந்த இடப்பெயர்ச்சியோ, மேரியின் பிள்ளைகளின் பெயரில் இல்லை. இருபது தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்குப் பத்து லட்சம் மூதாதை இடங்கள் வருகின்றன. குடும்பப்பெயர் அதில் ஒரே ஒரு வழியை மட்டும்தான் காட்டுகிறது.

அந்த வீட்டில் இன்னொன்றும் நடந்தது. 1939-ல் நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த இரண்டு யூதச் சிறுமிகளை ஃபிரெட்ரிக்கும் மேரியும் தங்கள் வீட்டில் ஏற்றுக்கொண்டார்கள். அமெரிக்காவில் உள்ள உறவினரிடம் போவதற்குத்தான் வந்தார்கள். போர் மூண்டதால் போக முடியவில்லை. போர் முடியும்வரை அந்த வீட்டுப் பெண்களாகவே வளர்ந்தார்கள். பையன்கள் அவர்களைச் சகோதரிகளாகவே எண்ணினார்கள். எந்தக் குரோமோசோம் சோதனையிலும் இது தெரியாது.

ஒய் குரோமோசோமும் பெயரும் எல்லா இடத்திலும் கூடவே நடப்பதில்லை என்பதையும் இதே லெஸ்டர் ஆய்வாளர்கள்தான் காட்டினார்கள். தத்தெடுத்த பிள்ளை, கல்யாணத்துக்கு வெளியே பிறந்து அம்மாவின் பெயரைப் பெற்ற பிள்ளை, மாமனார் சொத்துக்காக மனைவியின் குடும்பப்பெயரை ஏற்ற மாப்பிள்ளை என்று எத்தனையோ வழிகளில் தொடர்பு விட்டுப்போகும். 2012-ல் லெஸ்டரில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்த எலும்புக்கூடு மன்னர் மூன்றாம் ரிச்சர்டுடையது என்பதை டூரி கிங்கின் குழு உறுதிசெய்ததே, நினைவிருக்கிறதா? பெண்வழியில் வரும் டி.என்.ஏ. அவருடைய அக்காளின் வழித்தோன்றல்களோடு பொருந்தியது. ஆண்வழி உறவினர் என்று வம்சாவளி ஏடு சொன்ன ஐந்து பேரையும் சோதித்தபோது, ஒருவரும் மன்னரோடு பொருந்தவில்லை. போதாததற்கு, அந்த ஐவரில் ஒருவர் மற்ற நால்வரோடும் பொருந்தவில்லை. அரச குலத்து ஏட்டிலேயே இப்படி என்றால் சாதாரணக் குடும்பங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

2007-ல் வெளியான இன்னொரு ஆய்வு என் மனத்தைவிட்டு நீங்காதது. யார்க்‌ஷையர் பகுதியைச் சேர்ந்த ஓர் அரிய குடும்பப்பெயர். அந்தப் பெயருள்ள ஒரு வெள்ளைக்கார ஆங்கிலேயரிடம், மேற்கு ஆப்பிரிக்கர்களிடம் மட்டுமே கண்டிருந்த ஒரு மிகப் பழைய ஒய் குரோமோசோம் வகை இருந்தது. அதே பெயருள்ள 18 பேரைச் சோதித்ததில் 7 பேரிடம் அது இருந்தது. ஏடுகளைத் தேடியதில் அவர்கள் 1780-களில் யார்க்‌ஷையரில் வாழ்ந்த இருவரிடம் போய்ச் சேர்ந்தார்கள். அதற்கும் முன்னால் ஓர் ஆப்பிரிக்கர் இருந்திருக்கிறார். ஹேட்ரியன் சுவரைக் காத்த ரோமானியப் படையில் வந்தவரோ, அடிமை வணிகக் காலத்தில் கொண்டுவரப்பட்டவரோ. அவர் முகமும் நிறமும் வழிவழியாகக் கரைந்துபோயின. பெயர் சுத்தமான ஆங்கிலப் பெயர். 'அசல் ஆங்கிலேயர்' என்று யாராவது நெஞ்சு நிமிர்த்தினால் அவர்களுக்கு இந்த ஆய்வுக் கட்டுரையைப் படிக்கக் கொடுக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

அட்டன்பரோவுக்கு வருகிறேன். ஊரை ஒட்டி 1929 முதல் ஆற்றுச் சரளைக்கல் தோண்டி எடுத்தார்கள். தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் நிறைந்து ஏரிகளாகி, பறவைகள் வரத் தொடங்கின. 1966-ல் அதை இயற்கைக் காப்பகமாக அறிவித்தபோது, திறந்துவைக்க டேவிட் அட்டன்பரோவைத்தான் அழைத்தார்கள். அப்போது அவர் பி.பி.சி. இரண்டாம் அலைவரிசையின் பொறுப்பாளர். தன் பெயர் கிளம்பிய ஊருக்கு, எத்தனையோ நூற்றாண்டுகள் கழித்து, பறவைகளின் பெயரில் ஓர் அட்டன்பரோ திரும்பி வந்தார். 2005-ல் அங்கே இயற்கை மையம் திறந்தபோதும் அவரேதான் வந்தார்.

கால்டனின் கணக்குக்குக் கட்டுப்படாத ஒரு வழியையும் இந்தப் பெயர் கண்டுபிடித்துவிட்டது. டேவிடின் மேல் உள்ள மரியாதையால் உயிரியலாளர்கள் அவர் பெயரைப் பல உயிரினங்களுக்குச் சூட்டியிருக்கிறார்கள். பிலிப்பைன்ஸின் பலவான் தீவில் எலியே விழுந்துவிடும் அளவுக்குப் பெரிய குடுவை கொண்ட பூச்சியுண்ணும் செடி ஒன்று. நியூ கினியின் சைக்ளோப்ஸ் மலையில் முட்டையிடும் நீள்மூக்கு எக்கிட்னா ஒன்று. அது அழிந்துவிட்டதோ என்று அஞ்சிக்கொண்டிருந்தபோது 2023-ல் தானியங்கிக் கேமராவில் சிக்கியது. ஆஸ்திரேலியாவில், வயிற்றில் குட்டியோடும் தொப்புள்கொடியோடும் கல்லாகிப்போன ஒரு மீன். அதன் பேரினப் பெயருக்கு 'தாய்மீன்' என்று பொருள். தந்தைவழிப் பெயர் ஒன்று தாய்மையின் மிகப் பழைய சாட்சியோடு சேர்ந்து நிற்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. டேவிட் சிறுவனாக இருந்தபோது லெஸ்டரைச் சுற்றியுள்ள பாறைகளில் புதைபடிவங்கள் தேடி அலைந்தவர். பக்கத்தில் சார்ன்வுட் காட்டுப் பாறைகளை மட்டும் அவர் சீண்டவில்லை. அவை மிகப் பழையவை, அவற்றில் உயிரின் தடயமே இருக்காது என்றுதான் அந்தக் காலத்தில் எல்லோரும் சொன்னார்கள். 1950-களில் பள்ளி மாணவர்கள் கண்ணில்தான் அங்கே முதல் படிவங்கள் சரியாகப் பட்டன. 2022-ல் அதே சார்ன்வுட்டில் கிடைத்த, சுமார் 56 கோடி ஆண்டு வயதுள்ள, இரையைப் பிடித்துத் தின்ற விலங்குகளிலேயே மிகப் பழையது என்று கருதப்படும் ஓர் உயிருக்கு 'அரோராலூமினா அட்டன்பரோயி' என்று பெயரிட்டார்கள். அந்தப் பாறையிலிருந்து டிரென்ட் கரைக்குக் காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.